செர்ப்பன்டைன் விளையாத கருங்கல்

திண்டிவனம், வானூர் வட்டாரக் கல்குவாரிகளில் அன்றைக்கு வெடிவைத்துப் பிளந்த பாறையைப் பார்த்தால் அதில் மங்கலான ஒரு பச்சை தெரியும். எண்ணெய் தடவியதுபோன்ற மினுமினுப்பும் இருக்கும். வெயிலும் மழையும் பட்டுச் சில காலம் போனபின் அந்த நிறம் பழுப்புக்கு மாறிவிடுகிறது. பச்சை நிறமும் வழுவழுப்பும் சேர்ந்தால் செர்ப்பன்டைன் என்ற கனிமம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் எளிய சோதனை ஒன்றிலேயே உண்மை தெரிந்துவிடும். செர்ப்பன்டைனைப் பேனாக்கத்தியால் கீறினால் கோடு விழும், வெண்தூள் உதிரும். இந்தக் கல்லைக் கீறினால் கல்லில் கோடு விழாது. கத்தியின் இரும்புதான் தேய்ந்து கல்மேல் சாம்பல் நிறத் தடமாகப் படியும்.

இந்தக் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளை ஆராய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலந்து 1893இல் இந்தப் பெயரை இட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்குக்குக் கொல்கத்தாவில் இருக்கும் கல்லறைக் கல் இதே வகைப் பாறையால் ஆனது என்பதால் வந்த பெயர் அது. சென்னையிலிருந்து தெற்கே திண்டிவனம், விழுப்புரம் தாண்டியும் இந்தப் பாறைக் குடும்பம் பரந்து கிடக்கிறது. செஞ்சிப் பக்கம் கிரானைட் குன்றுகள் எழுகின்றன. இடையிடையே டாலரைட் சுவர்கள் பாறையை ஊடுருவி நிற்கின்றன. கிழக்கே கடலை நெருங்கும்போது இளைய மணற்பாறைகள் இவற்றை மூடுகின்றன. இத்தனை வகைப் பாறைகள் இருந்தும் குறிப்பிடத்தக்க செர்ப்பன்டைன் திரளுக்குப் பெயர் பெற்ற இடம் இதுவல்ல. அதைத் தேடுவோர் சேலத்துக்குப் போகிறார்கள், கடப்பைக்குப் போகிறார்கள்.

ஏன் இங்கே இல்லை என்ற கேள்விக்கு வெப்பம், நீர், காலம் என்று பல விடைகள் சொல்லலாம். என் பார்வையில் அவை எல்லாம் துணைக் காரணங்கள். பாறையின் வேதியியல்தான் முதற்காரணம். அதிலும் குறிப்பாக, பாறையில் மக்னீசியத்தைவிடச் சிலிக்கா எவ்வளவு மிஞ்சி நிற்கிறது என்ற கணக்குத்தான் செர்ப்பன்டைனின் இருப்பிடத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கணக்கு எளிது. செர்ப்பன்டைனில் இரண்டு சிலிக்கான் அணுவுக்கு மூன்று மக்னீசியம் அணு. அதாவது மக்னீசியம் சிலிக்கானைப்போல் ஒன்றரை மடங்கு. எடையில் பார்த்தால் மக்னீசியாவும் சிலிக்காவும் ஏறத்தாழ 43 விழுக்காடு வீதம், மீதி 13 விழுக்காடு நீர். இந்த நீர் கல்லின் துளைகளில் தேங்கியிருப்பதன்று, படிகத்தின் கட்டமைப்பிலேயே பிணைந்திருப்பது. இனி இதன் உறவினர்களைப் பார்ப்போம். பூமியின் மேல் மூடகத்தில் மிகுந்திருக்கும் ஒலிவினில் ஒரு சிலிக்கானுக்கு இரண்டு மக்னீசியம். பைராக்சீனில் ஒன்றுக்கு ஒன்று. மாக்கல் என்று நாம் சொல்லும் டால்க்கில் நான்கு சிலிக்கானுக்கு மூன்று மக்னீசியம், அதாவது முக்கால் பங்கு. 2, 1.5, 1, 0.75 என்ற இந்த வரிசையில் செர்ப்பன்டைன் ஒலிவினுக்கும் பைராக்சீனுக்கும் நடுவே நிற்கிறது.

ஒலிவின் மட்டுமே உள்ள பாறைக்குள் நீர் புகுந்தால் மக்னீசியம் மிஞ்சும். மிஞ்சியது புரூசைட் என்னும் மக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படியும், மற்றதெல்லாம் செர்ப்பன்டைன் ஆகும். ஒலிவினும் பைராக்சீனும் சம எண்ணிக்கையில் கலந்திருந்தால் மிச்சம் மீதியின்றி முழுவதும் செர்ப்பன்டைன் ஆகிவிடும். பைராக்சீன் மட்டும் இருந்தால் பாதி செர்ப்பன்டைன், பாதி டால்க். இதே பாறையில் குவார்ட்ஸ், அதாவது எதனோடும் சேராமல் தனித்து நிற்கும் சிலிக்கா, இருந்துவிட்டால் கணக்கு அங்கேயே முடிந்தது. தோன்றக்கூடிய ஒவ்வொரு துளி செர்ப்பன்டைனையும் அந்தச் சிலிக்கா டால்க்காக மாற்றிவிடும். செர்ப்பன்டைனும் குவார்ட்ஸும் வேதிச் சமநிலையில் ஒன்றாக வாழ முடியாத இரு கனிமங்கள்.

இது வெறும் தாள் கணக்கு இல்லை. 1949இல் பாறையியலர்கள் நார்மன் போவனும் ஓ. எஃப். டட்டிலும் மக்னீசியா, சிலிக்கா, நீர் மூன்றையும் உயர் அழுத்தக் கலன்களில் அடைத்துச் சூடாக்கிப் பார்த்தார்கள். சுமார் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் செர்ப்பன்டைன் நிலைக்கவில்லை. ஒலிவினாகவும் டால்க்காகவும் நீராகவும் பிரிந்துவிட்டது. செர்ப்பன்டைன் குழம்பே பூமிக்குள்ளிருந்து மேலெழுந்து உறைந்ததாக அதுவரை சிலர் வாதாடிவந்தார்கள். அந்த வாதத்தின் அடித்தளம் இதோடு தகர்ந்தது. செர்ப்பன்டைன் பிறக்கும் பாறை இல்லை, மாறும் பாறை என்பது உறுதியானது. மாறுவதற்கு நீர் வேண்டும், மிதமான வெப்பம் வேண்டும். அவற்றுக்கும் முன்னால், மாறத் தகுந்த பாறை வேண்டும்.

திண்டிவனத்துச் சார்னோக்கைட் அந்தத் தகுதி இல்லாத பாறை. இந்த வகைப் பாறைகளில் சிலிக்கா பெரும்பாலும் 60 முதல் 75 விழுக்காடு. அதில் கணிசமான பங்கு குவார்ட்ஸாகவே தனித்து நிற்கிறது. மக்னீசியா பொதுவாக மிகக் குறைவு. ஆனால் இந்தப் பாறையின் அடையாளமே ஹைபர்ஸ்தீன் என்ற பைராக்சீன்தான். மக்னீசியமும் இரும்பும் கலந்த கனிமம் அது. இதே பைராக்சீன் பெரிடோடைட் என்ற பாறையில் ஒலிவினுக்குப் பக்கத்தில் இருந்தால், நீர் பட்டதும் வடிவம் குலையாமல் செர்ப்பன்டைனாக மாறி வெண்கலம்போல் மினுங்கும். புவியியலர் அதைப் பாஸ்டைட் என்பார்கள். குவார்ட்ஸுக்குப் பக்கத்தில் இருந்தாலோ ஆம்பிபோல், பயோடைட், குளோரைட் எனப் பல வழிகளில் மாறுமே தவிர, செர்ப்பன்டைன் வழிக்கு வராது. ஒரே கனிமம், அண்டைவீட்டார் யார் என்பதைப் பொறுத்து அதன் கதி மாறுகிறது. தனிக் கனிமத்தை மட்டும் பார்த்து எது விளையும் என்று சொல்ல முடியாது, முழுப் பாறையையும் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தொடக்கத்தில் சொன்ன பச்சைக்கும் ஒரு விளக்கம் உண்டு. ஃபெல்ட்ஸ்பார் படிகங்களின் நுண்விரிசல்களில் குளோரைட் போன்ற இரும்புசார் கனிமங்கள் இழையாகப் படிந்திருப்பதே அந்த நிறத்துக்குக் காரணம் என்று நுண்ணோக்கி ஆய்வுகள் காட்டுகின்றன. இதை ஒரு தடயமாகவே எடுத்துக்கொள்ளலாம். நீர் இந்தப் பாறைக்குள் நுழைந்திருக்கிறது, கனிமங்களைத் தொட்டு மாற்றியும் இருக்கிறது. அப்படி மாறியதிலும் கிடைத்தது குளோரைட், செர்ப்பன்டைன் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். சார்னோக்கைட் 700 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில், நீர் வற்றிய ஆழத்தில், கரியமில வாயு மிகுந்த சூழலில் உருவானது. செர்ப்பன்டைன் அங்கே தோன்ற வாய்ப்பே இல்லை, இதில் வேதியியலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். உருவான நேரத்துக்கு அது சரி. ஆனால் இந்த நிலத்தின் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டு பழமையானவை. அதன்பின் அவை மேலெழுந்தன, குளிர்ந்தன, விரிசல் கண்டன, நீரில் ஊறின. செர்ப்பன்டைனுக்கு ஏற்ற 200, 300 டிகிரி வெப்பப் படியை அவை கடந்துதான் மேலே வந்திருக்கின்றன. வாய்ப்பு இருந்தது, கூறுதான் ஒத்துவரவில்லை.

நீருக்கு இந்த வட்டாரம் அந்நியம் இல்லை என்பதற்குத் திருவக்கரையே சாட்சி. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பெயர்பெற்ற அந்த ஊருக்கு அருகே, சுமார் 2 கோடி ஆண்டு பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னரா 1781இல் இவற்றைக் குறித்து வைத்தார். 1940இல் புவியியல் ஆய்வுத்துறை இதைத் தேசியக் கல்மரப் பூங்காவாக்கியது. கடலூர் மணற்பாறையில் புதைந்த அந்த மரங்களுக்குள் நிலத்தடி நீர் ஊறி, மரத்தின் திசுவில் சிலிக்காவைப் படியவைத்தது. ஆண்டு வளையங்களும் கணுக்களும் அப்படியே தெரிகின்றன. விழுப்புரத்து நீர் எதைச் சுமந்து திரிந்தது என்பதை இந்த மரங்கள் சொல்கின்றன. நீர் சுமந்தது சிலிக்கா, செர்ப்பன்டைனுக்கு ஒவ்வாத அதே சரக்கு.

அடுத்து டாலரைட். திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கறுப்பு கிரானைட் வணிகத்தில் பெயர் பெற்றது. சந்தையில் கிரானைட் என்று சொன்னாலும் பாறை இயலின்படி அது டாலரைட் இனம். இதில் சிலிக்கா 50 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடுகிறது, மக்னீசியா ஏறுகிறது. செர்ப்பன்டைன் இங்கே விளையலாமே? விளையாது. காரணம் இம்முறை சிலிக்கா மட்டுமன்று. டாலரைட்டில் அலுமினாவும் சுண்ணமும் மிகுதி. அலுமினியம் இருக்கும் இடத்தில் மக்னீசியம் அதோடு சேர்ந்து குளோரைட் ஆகும். கால்சியம் இருக்கும் இடத்தில் ஆக்டினோலைட், எபிடோட் உருவாகும். இருக்கும் கொஞ்ச மக்னீசியமும் இப்படிப் பங்குபோய்விடும். விதிவிலக்காக, சில டாலரைட்டுகளில் ஒன்றிரண்டு ஒலிவின் மணிகள் இருப்பதுண்டு. அவற்றின் விரிசலோரம் மட்டும் மயிரிழைபோல் செர்ப்பன்டைன் படிந்திருப்பதை நுண்ணோக்கியில் காணலாம். மி.மீ.க்கும் குறைவான அந்தச் சிறு எல்லைக்குள் சரியான கூறு அமைந்ததால் அங்கே மட்டும் விளைந்தது. குன்றளவுக்குச் செல்லும் விதி மணியளவுக்கும் செல்கிறது.

இதே டாலரைட் வேறொரு பாறையின் பக்கத்தில் போய் நின்றபோது நடந்ததைப் பார்க்க ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்துப் புலிவெந்துலாவுக்குப் போகவேண்டும். அங்கே வேம்பல்லி அடுக்கைச் சேர்ந்த டோலமைட், அதாவது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை, பரந்து கிடக்கிறது. சுமார் 190 கோடி ஆண்டுக்கு முன் டாலரைட் குழம்பு அந்த அடுக்குகளுக்கிடையே தகடாகப் புகுந்து உறைந்தது. டோலமைட்டில் மக்னீசியம் உண்டு, சிலிக்கா மட்டும் கம்மி. அந்தக் குறையை அடுக்குகளுக்குள்ளேயே இருந்த செர்ட் என்னும் சிலிக்காப் பட்டைகள் அளவோடு தீர்த்தன. டாலரைட் கொடுத்தது வெப்பத்தை. மூன்று பங்கு டோலமைட், இரண்டு பங்கு சிலிக்கா, இரண்டு பங்கு நீர் சேர்ந்தால் ஒரு பங்கு செர்ப்பன்டைன், மூன்று பங்கு கால்சைட், மூன்று பங்கு கரியமில வாயு. வாயு விரிசல் வழியே வெளியேறிக்கொண்டே இருந்தால் வினை முன்னேறும். இப்படித்தான் டாலரைட்டும் டோலமைட்டும் தொட்டுக்கொள்ளும் குறுகிய பட்டையில் கிரிசோடைல் என்ற நார் வடிவச் செர்ப்பன்டைன் உருவானது. அமெரிக்காவின் அரிசோனாவிலும் சுண்ணாம்புப் பாறைக்குள் டாலரைட் புகுந்த இடங்களில் இதே கதை நடந்திருக்கிறது. இரண்டு இடங்களிலும் மூலப்பாறையில் இரும்பு குறைவு, அதனால் நாரிலும் இரும்பு குறைவு. திண்டிவனத்தில் சார்னோக்கைட்டுக்குள் புகுந்த டாலரைட் ஒன்றும் செய்யவில்லை. டோலமைட்டுக்குள் புகுந்தது ஒரு சுரங்கத் தொழிலையே உண்டாக்கியது.

நாராவதிலும் வேதியியல் இருக்கிறது. செர்ப்பன்டைன் இரண்டு தாள்கள் ஒட்டியது: ஒன்று சிலிக்காத் தாள், மற்றது மக்னீசியத் தாள். மக்னீசியத் தாள் சற்றே அகலம். அளவு பொருந்தாததால், காய்ந்த வாழையிலை சுருள்வதுபோல் இரண்டும் சேர்ந்து சுருள்கின்றன. அந்தச் சுருள் குழல்தான் கிரிசோடைல் நார். கொஞ்சம் அலுமினியம் நுழைந்தால் அளவுப் பொருத்தம் கூடி, தாள் தட்டையாகவே நின்று லிசார்டைட் ஆகிறது. வெப்பம் ஏறினால் அலையலையாக மடியும் ஆன்டிகோரைட். பாறையில் இருந்த சிறிதளவு அலுமினியம், நார் வருமா தகடு வருமா என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது.

இனிச் சேலம். விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாக மேற்கே போனால் நகரின் வடக்கே வெள்ளைக்கல் வெட்டும் குன்றுகள். டூனைட், பெரிடோடைட் என்ற மீக்காரப் பாறைகள் அங்கே வெளித்தெரிகின்றன. டூனைட்டில் சிலிக்கா 40 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும், மக்னீசியா அதைவிடக் கூடுதல். செர்ப்பன்டைனுக்கு இதைவிடப் பொருத்தமான பாறை கிடையாது. விளைந்தும் இருக்கிறது. ஆனால் அந்தக் குன்றுகள் பெயர் பெற்றது செர்ப்பன்டைனால் அன்று. பாறை முழுவதும் வலைபோல் ஓடும் வெள்ளை மேக்னசைட் நரம்புகளால். 1896இலேயே சி. எஸ். மிடில்மிஸ் இந்த மீக்காரப் பாறைகளையும் அவற்றிலிருந்து வந்த கனிமங்களையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

செர்ப்பன்டைனுக்குப் பாறையின் கூறு மட்டும் போதாது, பாறைக்குள் வரும் திரவத்தின் கூறும் முக்கியம் என்பதைச் சேலம் சொல்லிக்கொடுக்கிறது. திரவத்தில் கரியமில வாயு சில விழுக்காடு கூடினாலே போதும், செர்ப்பன்டைன் நிலைகுலையத் தொடங்கும். மக்னீசியம் கார்பனேட்டோடு சேர்ந்து மேக்னசைட் ஆகும். தனித்துவிடப்பட்ட சிலிக்கா டால்க்காகவோ கால்செடனியாகவோ படியும். சிலிக்கா ஒரு பக்கமும் கரியமில வாயு மறுபக்கமும் நின்று செர்ப்பன்டைனின் நிலத்தைக் குறுக்குகின்றன.

நம் சமையலறைக்கு வரும் கல்சட்டி இந்த எல்லைப் பகுதியின் விளைபொருள்தான். சேலம் வட்டாரத்தில் கடைந்து செய்யும் அந்தச் சட்டிகளுக்கு உரிய மாக்கல், மக்னீசியம் நிறைந்த பாறைக்குள் சிலிக்காவோ கரியமில வாயுவோ புகுந்து டால்க் மிகுந்ததால் வந்தது. நகத்தால் கீறினாலே தடம் விழும் மென்மையும், சூட்டை நெடுநேரம் தாங்கிவைக்கும் குணமும் அதனால் வந்தவை. விழுப்புரத்துக் கருங்கல்லையும் மனிதர்கள் குடைந்திருக்கிறார்கள்: மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த கோயில் அதற்குச் சான்று. அங்கே உளி எதிர்கொண்டது குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். அந்த உழைப்பின் கடுமையை நினைத்தால் மனம் வணங்குகிறது.

குறைந்த சிலிக்காவில் இன்னொன்றும் நடக்கிறது. ஒலிவினில் உள்ள இரும்புக்குச் சிலிக்காவோடு சேர இடம் கிடைக்காதபோது அது காந்தக்கல்லாக, அதாவது மேக்னடைட்டாக, மாறுகிறது. அந்த மாற்றத்தில் நீரிலிருந்து ஆக்சிஜன் பறிக்கப்பட்டு ஹைட்ரஜன் வாயு விடுபடுகிறது. செர்ப்பன்டைன் ஆக்கத்தின் போக்கைச் சிலிக்காவின் வேதிச் செயல்திறனே நடத்துகிறது என்று ரொனால்டு ஃபிராஸ்ட்டும் ஜேம்ஸ் பியர்டும் 2007இல் விரிவாக நிறுவினார்கள். அட்லாண்டிக் கடலடியில் 2000இல் கண்டறியப்பட்ட 'லாஸ்ட் சிட்டி' ஊற்றுகளில் 60 மீட்டர் வரை உயர்ந்த வெள்ளைக் கார்பனேட் தூண்களிலிருந்து ஹைட்ரஜனும் மீத்தேனும் கலந்த காரநீர் வெளியேறுகிறது. அடியில் செர்ப்பன்டைன் ஆகிக்கொண்டிருக்கும் பாறைதான் அதன் ஊற்றுக்கண். இயற்கை ஹைட்ரஜனைத் தேடும் முயற்சி உலகெங்கும் சூடுபிடித்திருக்கும் இந்நேரத்தில், தமிழ்நாட்டில் தேடுவோர் முதலில் பார்க்கவேண்டியது நிலவரைபடத்தில் மீக்காரப் பாறை எங்கே என்பதைத்தான்.

பாறையின் கூறு அதன் மேலுள்ள மண்ணிலும் செடியிலும்கூடத் தெரியும். இலங்கையின் தென்கரையில், அம்பலாந்தோட்டைக்கு அருகே உசங்கொடையில் செர்ப்பன்டைன் பாறையின் மேல் மண் சிவந்து கிடக்கிறது, செடிகள் குட்டையாகவே நிற்கின்றன. மண்ணில் நிக்கல் மிகுதி. நம் வயல்வரப்பில் வளரும் மூலிகையான ஓரிதழ்த்தாமரை அங்கே நிக்கலை இலைக்குள் சேர்த்துவைக்கிறது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூலிகை பறிப்பவர்கள் செடியின் பெயரோடு மண்ணின் குணத்தையும் அறிந்திருக்கவேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

வேதியியலின் இந்த வேறுபாடு மனித நுரையீரலிலும் வந்து முடிகிறது. செர்ப்பன்டைன் குடும்பத்துக் கிரிசோடைல் நார்தான் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு உயிர். உள்ளூரில் அதன் சுரங்கத் தொழில் ஒடுங்கியபின்னும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகி, விழுப்புரம் மாவட்டத்து ஊர்களில் இன்றும் கூரையாக நிற்கிறது. உள்ளூர்ப் பாறையில் அந்த நார் இல்லை என்பதால் நம் கிரஷர் தூசி தீங்கற்றது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. செர்ப்பன்டைனை உருவாகவிடாமல் தடுத்த அதே குவார்ட்ஸ்தான் ஜல்லியும் எம்-சாண்டும் அரைக்கும்போது நுண்தூளாகப் பறந்து சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இரண்டையும், ஆஸ்பெஸ்டாஸையும் படிகச் சிலிக்காத் தூசியையும், புற்றுநோய் உண்டாக்கும் முதல் தொகுதியில்தான் வைத்திருக்கிறது. கிரஷரில் வேலை செய்பவருக்கு நீர்த் தெளிப்பும் தக்க முகக்கவசமும் சலுகையாகத் தரவேண்டியவை அல்ல, உரிமையாகக் கிடைக்கவேண்டியவை.

விழுப்புரத்தில் செர்ப்பன்டைன் அறவே இருக்காது என்று நான் சொல்லவில்லை. சார்னோக்கைட் நிலங்களில் மக்னீசியம் நிறைந்த சிறு வில்லைகள் அகப்பட்டுக் கிடப்பது உலகெங்கும் காணக்கூடியது. அப்படி ஒன்று குவாரிச் சுவரில் வெளிப்பட்டால், அதன் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒவ்வொரு விரல்கடையாகப் பார்த்துக்கொண்டு போகவேண்டும். வெளியே கறுத்த பயோடைட், அடுத்துக் குளோரைட், பிறகு பச்சை ஊசிகளாக ஆக்டினோலைட், அதற்குள் மென்மையான டால்க், நடுவில் மட்டும் செர்ப்பன்டைன் என்ற வரிசை கிடைக்க வாய்ப்புண்டு. சிலிக்கா வெளியிலிருந்து உள்ளேயும் மக்னீசியம் உள்ளிருந்து வெளியேயும் நகர்ந்த பாதையை அந்த ஓரிரு அடி அகலத்துக்குள் படிக்கலாம்.

குவாரிகள் ஆழமாகிக்கொண்டே போகின்றன. கைவிடப்பட்டவற்றில் நீர் நிறைந்து சுவர்கள் மறைந்துவிடுகின்றன. வெட்டப்பட்ட கல்லோ ஜல்லியாகிச் சாலைக்கடியில் போய்விடுகிறது. விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளின் புவியியல், வேதியியல் மாணவர்கள் ஒவ்வொரு புதுச் சுவரையும் நிழற்படமெடுத்து, நிறம் மாறும் இடத்தில் துண்டு எடுத்து, இடத்தைக் குறித்துவைக்கும் ஒரு தொடர் பதிவை இப்போதே தொடங்கலாம். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சுத்தியல், கைலென்ஸ், பேனாக்கத்தி, குவாரிக்காரரின் அனுமதி ஆகியவை போதும். துண்டுகளை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்க்கும் வசதி பல்கலைக்கழகங்களில் இருக்கிறது.